முக்கால் ஏக்கர் தேயிலையும் இங்கிலாந்துப் புல்லும்

கோத்தகிரி,
புரட்டாசி மாதம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அங்கே இங்கிலாந்தில் உலைக்கு எரிபொருளாக வளர்க்கும் மிஸ்காந்தஸ் புல் தலைக்கு மேல் வளர்ந்து வெளிறி நிற்க, அதன் நடுவே நீ நிற்கும் படத்தை அம்மா சாமி மாடத்தின் அருகே வைத்திருக்கிறாள். பச்சைத் தேயிலையின் விலை இப்படியே கிடந்தால், நம் முக்கால் ஏக்கர் செடியைப் பிடுங்கிவிட்டு அந்தப் புல்லை நட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். முப்பத்தோரு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையின் உலைக்கு விறகு போட்டவன் என்பதால், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே, அதாவது எரிகிற பக்கத்திலிருந்தே, பதில் எழுதுகிறேன்.

நன்றாக உலர்ந்த புல்லும் உலர்ந்த விறகும் கிலோவுக்குக் கிலோ ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் தரும். ஆனால் ஈரமும் சாம்பலும் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். அங்கே நீங்கள் புல்லை வளர்ந்தவுடன் அறுக்காமல் குளிர்காலம் முழுவதும் நிற்க விடுகிறீர்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது, யாரோ உலை பார்த்தவன்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பனியில் தண்டு செத்து, சத்து வேர்க்கிழங்குக்கு இறங்கி, இலைகள் உதிர்ந்து மண்ணோடு மட்கி, மழை பொட்டாசியத்தையும் குளோரினையும் கழுவிக்கொண்டு போன பிறகு, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே அறுத்தால் ஈரம் நூற்றுக்கு 15, 20 என்ற அளவுக்கு இறங்கியிருக்கும்.

அந்தக் கழுவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன், விறகு கிடைக்காத ஒரு மழைக்காலத்தில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கீழ்நாட்டிலிருந்து நெல் வைக்கோலை லாரியில் ஏற்றி வந்து உலைக்குள் திணிக்கச் சொன்னார்கள். முதல் அரை மணி நேரம் தீ குதித்து எரிந்தது. பிறகு காற்று ஏறவில்லை. கதவைத் திறந்து பார்த்தால், சாம்பல் உருகிப் பாகு போல் தட்டுக் கம்பிகளுக்கிடையே வழிந்து, ஆறிய இடத்தில் பச்சைக் கண்ணாடி போல் இறுகியிருந்தது. கிளிங்கர் என்று சொல்லும் அந்தச் சாம்பல் கட்டியைக் கடப்பாரையால் பெயர்த்தெடுக்க விடியும்வரை ஆனது. அதற்குள் புளிக்கப் போட்டிருந்த தூள் முழுவதும் வீணாகிவிட்டது. விறகில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும் சாம்பல், நெல் வைக்கோலில் 15, 20 வரை போகும். அதில் உள்ள மணற்சத்தும் பொட்டாசியமும் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. டென்மார்க்கில் பொன்னிற வைக்கோலைவிட, மழையில் நனைந்து மறுபடி காய்ந்த சாம்பல் நிற வைக்கோலே உலைக்கு உகந்தது என்கிறார்களாமே. மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளுவது உலைக்கு நல்லதாக இருக்கிறது, பார்.

புல்லை அறுத்துக் கட்டாகக் கட்டிய பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்தில் உன் பாட்டி வீட்டில், நன்றாகக் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டு, பத்தாம் நாள் புளித்த வாடை வரவும் தாத்தா கடப்பாரையைப் போருக்குள் இறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து உருவினேன். உள்ளே இருந்த முனையைக் கையால் தொட முடியவில்லை. ஈரம் இருபதைத் தாண்டினால் பூஞ்சையும் கிருமியும் பெருகிச் சூட்டைக் கிளப்பும். அது எழுபது டிகிரி அளவுக்குப் போனபின் வெளியிலிருந்து நெருப்பே வேண்டாம். உங்களுடைய பெரிய சதுரக் கட்டுகள் இறுக்கமானவை என்பதால் சூடு வெளியேற வழியும் குறைவு. பூஞ்சை பிடித்த கட்டைப் பிரிக்கும்போது முகக்கவசம் இல்லாமல் நிற்காதே. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

இப்போது நம் நிலத்துக்கு வருகிறேன். அந்தப் புல் விதை கட்டாது, கிழங்கு வைத்துத்தான் நட வேண்டும் என்பது எனக்கு நிம்மதி. சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரமும் உண்ணிச்செடியும் பரவி இந்த மலை பட்ட பாடு போதும். ஆனால் முழு விளைச்சல் வர மூன்றாம் ஆண்டாகும். நட்டால் பதினைந்து இருபது ஆண்டுகள் அதே நிலத்தில் நிற்கும். கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. தையிலிருந்து பங்குனி வரை புல் நின்றபடியே காயும் என்று வைத்துக்கொண்டாலும், அதுவே இங்கே காட்டுத்தீ பிடிக்கும் காலம். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் காய்ந்த புல்லை நிறுத்திவிட்டு உன் அம்மா எப்படித் தூங்குவாள்? கரடி உள்ளே படுத்திருந்தாலும் தெரியாது. சரிவில் புல்லைக் கட்டாக இறுக்கும் பேலர் இயந்திரம் ஏறாது. அரிவாளால் அறுத்து, கையால் கட்டி, லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றைத்தான் ஏற்றியிருப்போம். இறுக்கிய கட்டே கன மீட்டருக்கு 120, 150 கிலோதான் வருமென்றால், தளர்ந்த புல்லை மேட்டுப்பாளையம் இறக்கும் வாடகையைக்கூட அந்தப் புல் தராது.

கம்பு நேப்பியர் போடலாமே என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்கிறார். நாற்பத்தைந்து நாளுக்கொரு முறை அறுக்கும் அந்தப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சாண எரிவாயு போல் புளிக்க வைத்து வாயு எடுக்க அது சரி, உலைக்கு ஆகாது.

ஆகவே தேயிலையைப் பிடுங்கப் போவதில்லை. ஓடைக் கரையில் மாட்டுக்காக வைத்திருக்கும் இரண்டு சென்ட் நேப்பியரில் நான்கு குத்தை மட்டும் இந்த முறை அறுக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன். மாசியில் அது எந்த அளவுக்குக் காய்கிறது என்று பார்க்கலாம். நீ விடுமுறைக்கு வரும்போது கட்டுக்குள் குத்திப் பார்க்கும் அந்த ஈரமானியை இரவல் வாங்கிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டுப் பார். விலை அதிகமென்றால் வாங்க வேண்டாம்.

அன்புள்ள
அப்பா