தாத்தாவின் ஜீப் 12 வோல்ட்டுக்கு மாறிய கதை

சென்னை, ஆதம்பாக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. தாத்தா ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்னதும், "அதைத் தொட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் ஓடவில்லை. டிசம்பரில் வண்டியைப் புனேவுக்கு எடுத்துப் போகப்போகிறவள் நீ என்பதால், செய்ததையும் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

வில்லிஸும் ஃபோர்டும் 1941 முதல் 1945 வரை செய்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளில் நம்முடையதும் ஒன்று. அவற்றின் மின்சாரம் 6 வோல்ட், மைனஸ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் இரும்புடலோடு சேர்ந்திருக்கும்). ஆனால் 1950இல் எம்-38 ஜீப் வந்தபோது அமெரிக்க ராணுவமே 6 வோல்ட்டை விட்டுவிட்டு 24க்குப் போய்விட்டது. எனக்கு முன்பே மனசு வந்தவர்கள் அவர்கள்தான்.

6 வோல்ட்டில் என்ன குறை? இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள். கேபிள், டெர்மினல், எர்த் எல்லாம் சேர்ந்து ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆறில் இரண்டு போனால் மோட்டாருக்கு எஞ்சுவது நான்குதான். கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் மாதம் ஒருமுறை டெர்மினலைச் சுரண்டியும் அந்தத் தடையை என்னால் ஒழிக்க முடியவில்லை. வோல்ட் இரட்டித்தால் அதே வெளிச்சத்துக்குப் பாதி ஆம்பியர் போதும், ஒயரில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும்.

கணக்கைவிட என்னை அசைத்தது சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வேளச்சேரி சிக்னலில் நின்ற இரவுதான். வண்டி ஐடிலிங்கில் நின்றதும் பேட்டரி காலியாகிறது என்று காட்டி அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது, ஹெட்லைட்டும் பின்விளக்கும் அகல்விளக்காக மங்கின, பின்னால் வந்த லாரிக்காரர் கடைசி நொடியில்தான் எங்களைப் பார்த்தார். வீடு வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை.

மறுநாள், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவைப் பிரித்தேன். அதில் சுழலும் பகுதியிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் செம்பு வளையம்தான் கம்யூட்டேட்டர். கார்பன் பிரஷ் ஓடிய இடத்தில் அதன் செம்பு பள்ளமாகத் தேய்ந்து, செம்புத் துண்டுகளுக்கு நடுவில் காப்பாக இருக்கும் மைக்கா அதைவிட மேலே நின்றது. முன்பு இரண்டு முறை கடைசல் பிடித்து மைக்காவைச் சீவியிருக்கிறேன். மூன்றாவது முறைக்குச் செம்பு மிச்சமில்லை. டைனமோவைச் சரிசெய்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மட்டும் 12 வோல்ட்டாகப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓட்டலாம்தான், ஆனால் இன்ஜின் முன்னைவிட வேகமாகச் சுற்றினால்தான் அது சார்ஜ் கொடுக்கத் தொடங்கும், நம் ஊர் நெரிசலில் அந்த வேகத்துக்கு எங்கே போவது? நான் ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் இருந்தபோது பெட்டிகளின் 24 வோல்ட் டைனமோக்கள் 110 வோல்ட் ஆல்டர்னேட்டர்களுக்கு வழிவிட்டதைப் பார்த்தவன். அன்று அதற்காக யாரும் கண் கலங்கவில்லை.

ஆல்டர்னேட்டர் டைனமோவின் வேலையையே செய்வது, ஆனால் ஐடிலிங்கிலும் சார்ஜ் கொடுக்கும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் பழைய மாருதி ஆல்டர்னேட்டர் ஒன்றைப் புதுப்பேட்டையில் வாங்கினேன். டைனமோ இருந்த அதே போல்ட் துளைகளில் உட்காரும்படி லேத் பட்டறையில் பிராக்கெட் செய்தேன். இதில்தான் நாள் போனது. அந்த பெல்ட்தான் ஃபேனையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது என்பதால், புல்லி ஒரு நூல் விலகினாலும் பெல்ட் தேய்ந்து இன்ஜின் கொதிக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து நான்கு முறை வாஷர் மாற்றிய பிறகே நேரானது. பல்புகளும், பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலும் 12 வோல்ட்டுக்கு மாறின. அதோடு சேர்ந்து வேலை செய்யும் பாயிண்ட், கண்டென்சர் பழையவையே. அம்மீட்டர் ஆம்பியரைத்தான் அளக்கிறது, ஆகவே அதில் மாற்ற எதுவும் இல்லை.

பெட்ரோல் கேஜை மறந்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் முள் ஃபுல்லைத் தாண்டிப் போய் நின்றது. டாங்க் நிறைந்திருக்கிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே டேஷ்போர்டிலிருந்து மெல்லிய புகை வந்தது. நாற்பது ஆண்டு இந்த வேலை பார்த்தவன் செய்கிற தவறா இது! வேறொரு 6 வோல்ட் கேஜைத் தேடிப் போட்டு, அதற்கு முன்னால் வோல்ட் குறைக்கும் கருவி ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

செல்ஃப் மோட்டார் மட்டும் 6 வோல்ட்டாகவே இருக்கிறது. 12இல் அது சீறிக்கொண்டு சுற்றும், இன்ஜினைப் பிடித்துச் சுற்றும் அதன் பெண்டிக்ஸ் பல்லும் ஃபிளைவீலில் சற்று ஓங்கி இடிக்கும். ஆகவே கால் சுவிட்சை ஐந்து விநாடிக்கு மேல் மிதிக்காதே. இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் காலை எடுத்து, கொஞ்சம் பொறுத்து மிதி.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளுக்கு உண்டு. அங்கே யாரும் அப்படிச் செய்ய விடாதே, ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடுகள் அந்த நொடியிலேயே போய்விடலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால் போதும்: வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6, ஓடும்போது 14.2க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாடியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய டைனமோ, ரெகுலேட்டர், காயில், 6 வோல்ட் பல்புகள் எல்லாவற்றையும் கிரீஸ் தடவிச் சுற்றித் தாத்தாவின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கம்யூட்டேட்டரைப் புதிதாகக் கட்டித் தருபவர் கிடைத்து, பழையபடியே மாற்றவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அது இரண்டு நாள் வேலை. பெட்டியின் சாவி அம்மாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா