மலையை வரையும் மகளுக்கு

அன்பு மகளே,

கடிதம் கிடைத்தது. குவாரிக்காகப் பாதி வெட்டிய மலையை வரைந்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். கூடவே, "வரைந்து என்னம்மா ஆகப்போகிறது, மலை திரும்பியா வரப்போகிறது?" என்றும் கேட்டிருந்தாய்.

திரும்பி வராதுதான். ஆனால் அங்கே ஒரு மலை இருந்தது என்பதே கொஞ்ச காலத்தில் மறந்துபோகும். எனக்கு அதுதான் பெரிய கவலை. மலை ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, கண்ணும் அதற்குப் பழகிவிடுகிறது.

எவரெஸ்டின் வடக்குப் பக்கம் ரோங்பூக் என்ற பனிப்பாறை இருக்கிறது. 1921-ல் ஜார்ஜ் மலோரி என்ற ஆங்கிலேய மலையேறி அதைப் படம் எடுத்தார். சிகரத்துக்கு ஏற வழி தேடிப் போன பயணம் அது. பனி குறையும் என்ற எண்ணமே அன்று யாருக்கும் இருந்திருக்காது. 2007-ல் டேவிட் பிரீஷியர்ஸ் என்ற அமெரிக்க மலையேறி, மலோரி நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் மறுபடி எடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழைய படத்தில் கோபுரம் கோபுரமாக எழுந்து நின்ற பனி புதியதில் இல்லை. ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் 1999-ல் ஐஸ்லாந்தின் பனிப்பாறைகளை வானிலிருந்து எடுத்துவிட்டு, 2019-ல் திரும்பிப் போய் எடுத்து, 30 ஜோடிப் படங்களாக வைத்தார். முதல் படம் என்று ஒன்று இல்லாமல் இரண்டாவது படத்துக்கு அர்த்தமே இல்லை. நீ இன்று வரைவது பின்னால் வரும் ஒருவருக்கு அந்த முதல் படமாக இருக்கலாம், கண்ணே. அதனால் எந்த இடத்தில் நின்றாய், எந்தத் திசையைப் பார்த்தாய், என்ன தேதி என்பதை ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் எழுதிவை.

அப்புறம், அழகாக வரைவது தப்போ என்று கேட்டாயே. சீனாவின் புகைப்படக் கலைஞர் யாவ் லூ செய்த படங்களைத் தேடிப் பார். தூரத்திலிருந்து பார்த்தால் மூடுபனி சூழ்ந்த பழங்கால மலை ஓவியம். கிட்டே போனால், அந்தப் பச்சை மலைகள் எல்லாம் கட்டுமான இடங்களில் வலை போட்டு மூடிய மண், குப்பைக் குவியல்கள்! அழகுதான் நம்மைக் கிட்டே இழுக்கிறது. கிட்டே வந்த பிறகு தப்பிக்க வழியில்லை. எனக்கு அது நேர்மையான வேலையாகவே படுகிறது.

மலை திரும்பி வருமா என்ற கேள்விக்குப் பக்கத்தில் வந்தவர் ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞர். பின்லாந்தில் சரளைக்கல் தோண்டிய இடத்தில் ஒரு குன்றை எழுப்பி, 1992-லிருந்து 1996 வரை 11,000 பேரைக் கொண்டு 11,000 மரங்கள் நட வைத்தார். 400 ஆண்டுகள் அது பாதுகாக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய நிலத்துக்கு அது ஈடில்லை. இருந்தாலும், தோண்டியதும் மனிதக் கைதான், நட்டதும் மனிதக் கைதான் என்று அது சொல்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன முறை அனுப்பிய படத்தில் லாரி போகும் பாதையை மரங்களால் மறைத்துவிட்டாய். இந்தப் படத்தில் அதை அப்படியே விட்டுவை. பாதையும் இயந்திரமும் அங்கே வேலை செய்கிறவர்களும் இருக்கட்டும். அந்த மலை இப்போது அவர்களையும் சேர்த்துத்தான் மலை.

சரி, வெடி வைக்கும் நேரம் எது என்று அங்கே கேட்டுக்கொண்டு போ. தூசிக்கு முகக்கவசம் போடு. வரைந்து முடித்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அம்மா