புகார்: என் அப்பாவின் லிபரேட்டர் பெட்டிமேல் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், விற்பனையாளர் பிரிவு
அனுப்புநர்: உங்கள் ஆப்பில் பதிவாகியுள்ள அதே பெயர், கிழக்கு தாம்பரம்
பொருள்: பச்சை டிக் (விற்கும் பொருளைப் பார்த்து நீங்கள் தரும் சான்று) மதிப்பீட்டில் என் பொருள் சேதமானது, விற்பனை ரத்தானது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். இது என் ஏழாவது புகார். முந்தைய ஆறையும் ஆப்பிலேயே போட்டேன். ஆறுக்கும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. பிறகு டிக்கெட்டை நீங்களே மூடிவிடுகிறீர்கள். அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் விற்கப் போட்டது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பி-24 ஜே லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட். 72-ல் ஒரு பங்கு அளவு, ஒட்டாதது. ஒட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 46 சென்டிமீட்டர் வரும். அந்தக் கிட் முதலில் வந்தது 1963-ல். பெட்டியில் இருப்பது பழைய சிவப்புப் பட்டை முத்திரை. வட்ட முத்திரையெல்லாம் 1970-களில் வந்தது. இத்தனையும் நான் விவரப் பகுதியில் எழுதியிருந்தேன், ஒன்பது போட்டோவும் போட்டிருந்தேன். உங்கள் மதிப்பீட்டாளர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா?

பார்த்திருந்தால் அறிக்கையில் இப்படி வந்திருக்காது: "பழைய பிளாஸ்டிக் பொம்மை. பாகங்கள் கழன்று உதிரியாக உள்ளன. நிலை: உடைந்தது. மதிப்பு: ரூ.350."

உடைந்தது இல்லை ஐயா. கிட் என்றால் அப்படித்தான் இருக்கும். கொடியில் பிஞ்சு தொங்குவது மாதிரி ஒவ்வொரு பாகமும் பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர்தான் வெட்டி, உரசி, ஒட்ட வேண்டும். ஒட்டாமல் இருப்பதற்குத்தான் விலையே. பழம்பொருளுக்கென்று தனிப் பிரிவு வைத்து, மதிப்பீட்டுக்கு 499 ரூபாய், வீட்டுக்கு வந்து எடுக்க 240 ரூபாய் என்று வாங்கிக்கொள்கிற நிறுவனத்துக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

உங்கள் மையத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாகங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்த்து, பழக்கடையில் கொடுக்கிற கேரி பேக்கில் போட்டு செலோ டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு எஞ்சின் மூடிகளில் ஒன்றின் விளிம்பு வெள்ளையாக வெளிறிக் கிழிந்திருக்கிறது. விமானி உட்காரும் இடத்துக்கு மேலே வரும் கண்ணாடிப் பாகத்தில் குறுக்காக ஒரு கீறல். டெக்கால் தாளையே, அதாவது விமானத்தின்மேல் ஒட்டும் குறிகள் அச்சடித்த தாளையே காணோம். ஐம்பது வருஷத்தில் ஓரம் லேசாக மஞ்சளடித்திருந்தது, அவ்வளவுதான், முழுசாக இருந்தது. நான் எடுத்த ஐந்தாவது போட்டோவைப் பாருங்கள்.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்வேன். அந்த ஸ்டிக்கர்! உங்கள் பார்கோட் ஸ்டிக்கரைப் பெட்டியின் மேல்மூடியில், ஓவியத்தின் நடுவில், விமானத்தின் மூக்குமேலேயே ஒட்டியிருக்கிறார்கள். நான் ஹேர் டிரையரால் சூடுகாட்டி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் உரித்தேன். ஆனாலும் தாளின் மேல்தோல் கூடவே வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு சாம்பல் நிற அட்டை தெரிகிறது. பெட்டிக்கு அடிப்பக்கம் ஒன்று இல்லையா? நான்கு பக்கவாட்டு இல்லையா? அந்தக் கிட்டை அதே அச்சில் பிற்காலத்திலும் வார்த்து விற்றிருக்கிறார்கள். அதனால் பிளாஸ்டிக் எப்படியாவது கிடைத்துவிடும். அந்தக் காலத்துப் பெட்டி நல்ல நிலையில் கிடைக்காது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

புனேயில் ஒருவர் 9,500 ரூபாய்க்குச் சம்மதித்திருந்தார். அந்த விலையை நான் வாய்க்கு வந்தபடி வைக்கவில்லை. வெளிநாட்டுத் தளங்களில் கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளை மட்டும் இரண்டு வாரம் குறித்துவைத்தேன். அதன்மேல் கப்பல் கூலி, சுங்கவரி சேர்த்து, இந்தியாவுக்குள் ஒருவருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவரும் அதை ஒப்புக்கொண்டார். பச்சை டிக் இருந்தால் போதும் என்றார். நீங்கள் கொடுத்தது 350 ரூபாயும் "உடைந்தது" என்ற சிவப்பு எழுத்தும். அன்று இரவே ரத்து செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு நடுவே பட்டரவாக்கத்தில் இருக்கிற உங்கள் மையத்துக்குப் போன கதை. போனில் உங்கள் பெண் ஊழியர் ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார், "நேரில் போனால் உடனே பார்ப்பார்கள் சார்" என்றார். காலை 8 மணிக்குத் தாம்பரத்தில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் மாறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி, விற்பனையாளருக்கு அனுமதி இல்லை, ஆப்பில் பாஸ் எடுங்கள் என்றார். ஆப்பில் பாஸ் எடுக்கிற இடமே இல்லை. அது உங்களுக்கே தெரியும். இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றேன். எனக்கு வயது 59, சர்க்கரை இருக்கிறது.

அப்புறம்தான் கழுத்தில் நீல ஐடி கார்டு போட்ட அந்த ஆள் வந்தார். பேர் கேட்டேன், சொல்லவில்லை. நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "சார், இது சின்னப் பசங்க விளையாடற பிளேன். இதுக்குப் போயி தாம்பரத்துலேர்ந்து வந்தீங்களா? வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்றார். பக்கத்திலிருந்த இரண்டு டெலிவரிப் பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவரே, பொருள் முந்தாநாளே கிளம்பிவிட்டது, இங்கே இல்லை என்றார். அதை முதலிலேயே போனில் சொல்ல உங்களால் முடியாதா? ஒரு நாள் சம்பளம் போச்சு.

அந்தக் கிட் எங்கே வாங்கியது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. அன்று நான் ரயில் மாறின அதே இடத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட்டில், 1985-ல் எரிந்து போவதற்குப் பல வருஷம் முன்பு, ஒரு பழைய சாமான் கடையில் என் அப்பா வாங்கியது. அப்பா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், விமானத்தின் உடல் பகுதியைப் பழுதுபார்க்கிறவர். புனேயில் லிபரேட்டரில் வேலை பார்த்தவர். 1968 கடைசியில் அந்த விமானங்களுக்கு ஓய்வு கொடுக்கும்வரை கூடவே இருந்தார். உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரன் போகும்போது, யாருக்கும் உதவாதபடி அவற்றை அடித்து நொறுக்கி கான்பூரில் போட்டுவிட்டுப் போனான். பெங்களூர் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அதிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டதைப் பறக்கவைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்பா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ரிட்டயர் ஆனதும் ஒட்டலாம் என்று கிட்டைப் பீரோவில் வைத்தார். அப்புறம் கண் பார்வை போய்விட்டது. அம்மா வருஷா வருஷம் பாச்சை உருண்டை மாற்றிவைப்பாள். கரையான் தொடவில்லை, 2015 வெள்ளம் தொடவில்லை. உங்கள் மையத்தில் ஆறு நாள் இருந்தது, முடிந்துவிட்டது.

எனக்கு இதற்கு விலை சொல்லவே முடியாது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் அந்தப் பெட்டி திரும்ப வராது. ஆகவே நான் ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்கிறேன், கட்டிய 739 ரூபாய் தனி.

மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் புகார் போட்டு 43 நாள் ஆகிறது. நான் விற்பவன்தானே, நுகர்வோர் இல்லையே என்று உங்கள் சாட்டில் ஒருவர் சட்டம் பேசினார். மதிப்பீட்டுக்குக் காசு கட்டியிருக்கிறேன். அந்தச் சேவைக்கு நான் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஏற்கெனவே போன் செய்து பதிவு செய்துவிட்டேன். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், நீங்கள்தான் வந்து போக வேண்டியிருக்கும். ஸ்டிக்கரால் தோல் உரிந்த பெட்டியைச் சாட்சிக்கு அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்த அறிக்கையையும் என் கணக்கிலிருந்து நீக்குங்கள். "உடைந்தது" என்று அது இன்னும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. நீல ஐடி கார்டு போட்டவர் எனக்கு எழுத்தில் மன்னிப்புச் சொல்ல வேண்டும். அன்று காலை 11 மணியிலிருந்து 2 மணி வரை கேட்டில் யார் இருந்தார்கள் என்று உங்கள் கேமராவிலேயே இருக்கும்.

டெக்கால் தாள் உங்கள் மையத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெளிர்நீலத் தாள், நட்சத்திரக் குறிகள் இருக்கும். குப்பையில் போவதற்குள் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் மற்றதற்கெல்லாம் காத்திருக்காமல் அதை முதலில் அனுப்புங்கள். மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். அதன்மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கிழக்கு தாம்பரம் விற்பனையாளர்