டாலிக்குப் பின்னாடி இருக்குற முட்டை பொறுக்குற வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜூலை மாசம் வந்தாலே குளோனிங்ல உருவான டாலி ஆட்டுக்குட்டி பிறந்த நாள்னு பேப்பருங்கள்ல ஒரு துண்டு செய்தி வந்துடுது, 277 தடவை முயற்சி பண்ணி ஜெயிச்சாங்கன்னு அதுல ஒரு வரியும் இருக்கும். உண்மைல 1996-ல பிறந்த அந்தக் குட்டிக்காக ஸ்காட்லாந்து ரோஸ்லின் இன்ஸ்டிட்யூட்ல 277 முட்டைல செல்லை இணைச்சாங்க, அதுல தேறின 29 கருவை 13 ஆட்டுக்கு வச்சாங்க, ஒண்ணுதான் குட்டியா வந்துச்சு. அந்த முட்டையெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு ஆட்டோட உடம்புக்குள்ளயே முதிர வச்சு எடுத்தது. எங்கள மாதிரி லேபுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாதுங்க, ஆட்டுத்தொட்டில கழிவா போற சினைப்பைதான் கதி, அதுல கிடைக்கிறது முதிராத முட்டை, அதை இன்குபேட்டர்ல 38.5 டிகிரில ஒரு நாள் வச்சு முதிர வைக்கணும். எதை வைக்கிறது, எதை கழிக்கிறதுன்ற வேலைய பத்தி யாரும் எழுதுறதே இல்ல, பாதி ரிசல்ட் அங்கயே முடிவாயிடுது.

சினைப்பை மேல தெரியுற ஃபாலிக்கிள்ல, அதாவது முட்டை உள்ள இருக்குற நீர்க்கொப்புளத்துல, பொதுவா 2 மி.மீ.லேர்ந்து 6 மி.மீ. வரைக்கும் உள்ளதைத்தான் ஊசில உறிஞ்சி எடுப்போம், அதவிட பொடிசா இருந்தா உள்ள இருக்குற முட்டை பெரும்பாலும் வளர்ந்தே முடிச்சிருக்காது. அப்புறம் மைக்ராஸ்கோப்புக்கு அடில டிஷ்ஷை வச்சு ஒண்ணொண்ணா பாக்கணும். முட்டைய சுத்தி குமுலஸ் செல் மூணு நாலு அடுக்கா இறுக்கமா ஒட்டியிருக்கணும், ஏன்னா முட்டைக்கு சாப்பாடு போறதே அது வழியாத்தான், உள்ளயும் திட்டுத்திட்டா இல்லாம ஒரே சீரா இருக்கணும். மொட்டையா இருக்குறத யார் வேணா கழிச்சிடுவாங்க. புதுசா வர்ற பசங்க ஏமாறுறது எங்கன்னா, குமுலஸ் சிலந்தி வலையாட்டம் விரிஞ்சு பெருசா அழகா தெரியுறதுல. முதிர்ந்த பிறகு விரிஞ்சா நல்லது, எடுக்கும்போதே விரிஞ்சு கிடந்தா அந்த ஃபாலிக்கிள் அழிய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அதையும் கழிச்சிடணும்.

கண்ணு மட்டும் போதாதுன்னு ப்ரில்லியன்ட் கிரசில் ப்ளூன்னு ஒரு சாயத்துலயும் ஊற வச்சு பாப்பாங்க. இன்னும் வளர்ந்துட்டு இருக்குற முட்டைல ஜி6பிடின்ற என்சைம் ஜாஸ்தி, அது சாயத்தை நிறமில்லாம ஆக்கிடும், வளர்ந்து முடிச்ச முட்டைல அது குறைஞ்சிருக்கும், அதனால நீலம் அப்படியே நிக்கும். நீலமா இருக்குறத எடுத்துக்கலாம். பருவத்துக்கு வராத குட்டியோட சினைப்பைன்னா இந்த டெஸ்ட் ரொம்ப உபயோகம். மத்தபடி எல்லா முட்டையையும் ஒரு மணி நேரத்துக்கு மேல சாயத்துல போட்டு படுத்துறது தேவையான்னு எனக்கு சந்தேகம்தான், நீலமா நின்னதெல்லாம் கருவாகிடப் போறதும் இல்ல.

இன்னொரு விஷயம், சினைப்பை மூட்டை மூட்டையா கிடைக்குற இடத்துல கறாரா கழிக்கலாம். நீலகிரி செம்மறி மாதிரி எண்ணிக்கை குறைஞ்சு போன இனத்துல ஒரு ஆடு செத்து அதோட சினைப்பை கைக்கு வந்தா என்ன பண்றது? சுமாரான முட்டையையும் தூக்கிப் போட மனசு வராது, போடவும் கூடாதுன்றது என் கட்சி, நல்லதோட கலக்காம தனி டிராப்ல (வளர்ப்புத் திரவத்தோட சொட்டுல) முதிர வச்சு பாக்கணும். ரெண்டையும் கலந்துட்டு மொத்தமா இத்தனை சதவீதம் முதிர்ந்துச்சுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, எத்தனை கழிச்சீங்கன்னு உங்க நிருபர்கள் மறக்காம கேக்கணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. ஆடு அறுத்ததும் சினைப்பைய வெதுவெதுப்பான சலைன்ல போட்டு சில மணி நேரத்துக்குள்ள லேபுக்கு கொண்டு வந்தாத்தான் பொறுக்குறதுக்கே அர்த்தம். உள்ளாட்சி அமைப்புங்க நடத்துற அறுவைக்கூடங்கள்ல, விடிகாலைல பிளாஸ்கோட வர்ற மாணவர்கள கேட்லயே நிறுத்தி வைக்காம உள்ள விட ஒரு பாஸ் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவர் ஒருவர்