பனி இல்லை, கழிவு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தென்னையில் வெண் ஈ தாக்கம் பற்றி உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அந்தப் பூச்சி ஓலைகளில் விடும் இனிப்புப் பசையை, ஆங்கிலத்தில் ‘ஹனிடியூ’ என்பதை, அதில் ‘தேன்பனி’ என்று எழுதியிருந்தது உறுத்தியது. அதை வாசித்த பக்கத்து வளவு அண்ணை, “பனிதானே தம்பி, மாசி முடிய நிண்டிடும்” என்று பேசாமல் இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாம்பூ கொட்டினாலும் பனி, தடிமன் பிடித்தாலும் பனி என்று பழகிய சனங்கள் நாங்கள்.

அந்த ஆங்கிலச் சொல்லே பிழையான ஊகத்தில் பிறந்ததுதான். விடியற்காலையில் இலைகளில் இனிப்பாக மினுங்கியதை, வானத்திலிருந்து இறங்கும் பனி என்று ஐரோப்பியர் நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் சொல் வந்துவிட்டது. ஜேர்மன்காரரும் ஒல்லாந்தரும்கூட தேனையும் பனியையும் ஒட்டித்தான் பெயர் வைத்தார்கள். அதற்கும் வெகுமுன்னர், முதலாம் நூற்றாண்டில், வானிலிருந்து விழும் தேன் வானத்தின் வியர்வையோ, விண்மீன்களின் எச்சிலோ என்று யோசித்தார் உரோமரான பிளினி. எச்சில் என்றவரைக்கும் கிட்ட வந்திருக்கிறார். மற்றப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வெண் ஈ ஓலையின் அடியில் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அதில் சீனி அதிகம், உடம்பு வளர வேண்டிய சத்து கொஞ்சம். ஆகவே அளவில்லாமல் குடித்து, மிஞ்சிய சீனித்தண்ணீரைப் பின்பக்கத்தால் கழிக்கிறது. இரவு தென்னைக்குக் கீழே சைக்கிளை விட்டுப் பாருங்கள்: விடிய சீற்றில் கை ஒட்டும், ஹான்டில்வரை எறும்பு ஏறி நிற்கும். கொஞ்ச நாளில் அந்தப் பசையில் கரும்பூஞ்சணம் பிடித்து, கீழோலைகள் கரிச்சட்டி மாதிரி ஆகிவிடும். வெயில் ஏறினால் பனி போய்விடும். இது பூச்சி இருக்கும்வரை சொட்டும்.

இதே பெயரில் ஒரு பழமும் உண்டு. இனிப்பைக் காட்டி அமெரிக்காவில் வைத்த பெயர். எங்கள் வெள்ளரிப்பழமும் அதே இனம்தான், என்ன, எங்களுடையது வெடித்து மாவாய் உதிரும், சீனி போட்டால்தான் இறங்கும். அதையும் யாராவது ‘தேன்பனிப் பழம்’ ஆக்கிவிடப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் கம்பங்கதிரில் பூஞ்சணம் பிடித்து இனிப்பாக வடிவதைத் ‘தேன் ஒழுகல் நோய்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த வடிசலுக்கும் ஹனிடியூ என்றே பெயர். தமிழ்ப் பெயர் கண்ணால் கண்டதைச் சொல்கிறது, வானத்தை இழுக்கவில்லை. வெண் ஈ விடுவதை ‘தேன்கழிவு’ என்று எழுதலாமே? கழிவு என்றால், கழித்தது யார் என்று தேடி ஓலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அண்ணை போன கிழமைதான் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை.

தென்னை வைத்திருக்கும் வாசகர்,
புதுக்குடியிருப்பு.