வெட்டு விதியை நீக்காதீர்கள்: தாயப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழாக்குழுவினருக்கு,

வணக்கம். தை நோம்பிக்கு நம் ஊரில் தாயப் போட்டி நடத்தப்போகிறீர்கள், அதற்கென்று ஒரு விதிப்புத்தகமும் அச்சிடப்போகிறீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. நீங்கள் பார்வைக்கு வைத்த வரைவைப் படித்தேன். பிள்ளைகள் சலிக்காமல் ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று, எதிராளியின் காயை வெட்டி வெளியேற்றியே ஆக வேண்டும் என்ற வெட்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டீர்கள். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கும் என்ற விதியை அப்படியே வைத்திருக்கிறீர்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நாலு பக்கம் கொண்ட பித்தளைக் கட்டை இரண்டை உருட்டினால் 16 விதமாக விழும். அவற்றில் தாயம் விழுவது 2 விதத்தில் மட்டுமே. பத்து முறை உருட்டியும் தாயம் காணாதவர் ஏறக்குறைய நாலில் ஒருவர். முதன்முதலாக ஆட வரும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு மற்றவர் ஆடுவதைப் பார்த்திருக்கும். நேரம் வீணாவது இங்கேதான். முதல் காயை மட்டும் ஐந்து விழுந்தாலும் இறக்கலாம் என்று எழுதுங்கள். பத்து உருட்டலிலும் காத்துக் கிடப்பவர் பதினெட்டில் ஒருவராகக் குறைந்துவிடுவார். வெட்டுப்பட்ட காய்க்கும் அடுத்தடுத்த காய்களுக்கும் தாயமே வேண்டும் என்பது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் வெட்டுக்கே வலியில்லை.

இனி வெட்டு. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது, அவர் காய் பழுக்காது, அதாவது சுற்றை முடித்து வீடு சேராது. என் அமுச்சி (பாட்டி) ஆடிய ஆட்டமெல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கும். யார் இன்னும் வெட்டவில்லை என்பதை அவர் மனத்தில் குறித்துக்கொள்வார். அவர்களுக்கு முன்னால் தன் காயை, வெட்டுப்படாத கட்டமான மலையை விட்டு நகர்த்தவே மாட்டார். வெட்டாதவரோ பழத்தின் வாசல் வரை வந்தும் மீண்டும் வெளிச்சுற்றில் இறங்கி அலைய வேண்டும். விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்ற யோசனைக்கு உயிர் வருவது அப்போதுதான். இதை எடுத்துவிட்டால் ஆளாளுக்கு மலைக்கு மலை தாவி, ஒருவரையொருவர் தொடாமலே வீடு போய்ச் சேர்வார்கள். அப்புறம் நாலு பேர் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார வேண்டிய தேவை என்ன?

ஆட்டம் நீள்கிறது என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஒவ்வொரு காய்க்கும் ஒரு வெட்டு என்று சில வீடுகளில் கேட்பார்கள், அதை விடுங்கள். ஆளுக்கு ஒரு வெட்டு போதும்.

மூன்று தாயம் தொடர்ந்து விழுந்தால் செல்லாது என்ற விதியை யோசிக்காமல் அடித்துவிடலாம். 512-ல் ஒரு முறை வரும் விஷயம். வருகிற அன்று சண்டைதான் மிச்சம்.

ஒன்றை மட்டும் வரைவில் காணவில்லை. சோழியா, புளியங்கொட்டையா, கட்டையா என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஆறு சோழியில் தாயம் விழும் வாய்ப்பும் கட்டையில் விழும் வாய்ப்பும் ஒன்றல்ல. போட்டிக்குக் கட்டை என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கட்டத்தில் உங்கள் வரைவின்படியும் இன்னொன்றில் நான் சொன்னபடியும் ஆடவிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் கட்டைகளை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
காங்கேயத்துப் பக்கத்துத் தாய ஆட்டக்காரர் ஒருவர்