சின்னப் பிழைகளை நீங்களே திருத்திவிடாதீர்கள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தெரிகிற பிழைகளைக் கண்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், புதிதாக வருபவர் யாராவது எடுத்துச் செய்ய ஒரு வாரமாவது கிடக்கட்டும். (பாதுகாப்பு ஓட்டை என்றால் வேறு கதை. இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.)

உங்களுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் வேலை, புதிதாக வருபவருக்கு ஒரு வார இறுதியையே விழுங்கிவிடும். கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கிளை பிரிப்பது, நிரலை ஓடும் மென்பொருளாகத் தொகுக்கும் பில்டை ஓட வைப்பது, சோதனை ஏன் தோற்கிறது என்று துழாவுவது எல்லாவற்றையும் அந்த ஒரு வரித் திருத்தத்தின் சாக்கில்தான் அவர் கற்றுக்கொள்கிறார். ஏஐ-யிடம் கொடுத்தால் நொடியில் முடியுமே என்பீர்கள். முடியும்தான். ஆனால் அடுத்த வருஷம் உங்கள் நிரலைத் தெரிந்த ஆள் ஒருவர் கூடியிருக்க மாட்டார்.

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர் தொடங்க ஏற்ற பிழை) என்று லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது. பெயர்ப் பெட்டியில் எழுத்து எண்ணிக்கை தவறாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "தமிழ் சரியாக வரவில்லை" என்று மொட்டையாக எழுதிவைத்தால் வருபவர் எங்கே தொடங்குவார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "'தமிழ்' என்று தட்டினால் 5 எழுத்து என்கிறது. 3 என்று வர வேண்டும். யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது." கூடவே எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், திருத்தியபின் எந்தச் சோதனையை ஓட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள்.

லிப்ரே ஆபிஸ்காரர்கள் 'ஈஸி ஹேக்ஸ்' என்று இதைப் பல வருஷமாகச் செய்கிறார்கள். வேலை எவ்வளவு கடினம், என்ன தெரிந்திருக்க வேண்டும், நிரலில் எங்கே பார்ப்பது என்று குறித்து வைக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலிலும் ஸ்டேஜிங் பகுதியில் (இன்னும் முழுதாகத் தயாராகாதவை இருக்கும் இடம்) இருக்கும் டிரைவர்களோடு இன்னும் என்ன பாக்கி என்று பட்டியலிடும் கோப்பு இருக்கும். பலர் தங்கள் முதல் பேட்சை (திருத்தத்தை) அங்கேதான் அனுப்புகிறார்கள்.

எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்று 2020 ஹாக்டோபர்ஃபெஸ்டில் பார்த்தோம். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வு அது. நான்கு புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும் ரீட்மீ எனும் அறிமுகக் கோப்புகளில் ஒன்றிரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பிக் குவித்தார்கள். விருப்பப்பட்ட திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. வெறும் எழுத்துப்பிழைத் திருத்தங்களைப் புதியவர்களுக்காக ஒதுக்கி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எதையாவது ஓட்டிப் பார்த்தால்தான் சரிபார்க்க முடியும் என்கிற பிழைகளை ஒதுக்குங்கள்.

அப்புறம், வந்த புல் ரிக்வெஸ்டுக்குப் பதில் போடுங்கள். "இப்போது நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்றாலும் சரி. முதல் பேட்சிலேயே இடைவெளி சரியில்லை, பெயர் சரியில்லை என்று இருபது குறை எழுத வேண்டாம். இடைவெளியைச் சரிசெய்ய ஃபார்மேட்டர் இருக்கிறது, அந்தக் கட்டளையை வழிகாட்டிக் கோப்பில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
புதியவர்களை உங்களிடம் அனுப்பிவைக்கும் ஒருவன்